நலம் நாடு: எலும்புக்கும் வயசாகுமா?

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சு. அதோட படுத்தவங்கதான்..." ஜேடர்பாளையம் சுற்றுவட்டாரத்தில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் ஏதாவது ஒரு வீட்டில் இந்த வாசகத்தைக் கேட்கலாம். கரும்புக் காட்டிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் காலமெல்லாம் உழைத்த அம்மாயிக்கு ஒரு சின்ன வழுக்கலில் எலும்பு முறிவது எப்படி?

நாம் நினைப்பதுபோல் எலும்பு இரும்புக் கம்பி அல்ல. அது உயிருள்ளது. பழைய எலும்பை அரித்து எடுக்க ஒரு வகை செல்கள், புதிதாகக் கட்ட இன்னொரு வகை செல்கள். இடிக்கும் ஆளும் கொத்தனாரும் ஒரே வீட்டில் ஓயாமல் வேலை செய்வதுபோல! இளமையில் கட்டுமானம் முந்துகிறது. வயது ஏற ஏற, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றபிறகு, இடிப்பு முந்திவிடுகிறது.

எலி சொன்ன ரகசியம்

1997-ல் ஜப்பான் விஞ்ஞானி மகோடோ குரோ-ஓ குழுவினர் விநோதமான எலிகளைப் பற்றி எழுதினார்கள். ஒரே ஒரு மரபணு செயலிழந்ததால் அவற்றுக்குச் சீக்கிரமே முதுமை வந்தது. தோல் மெலிந்தது, ரத்தக்குழாய் கெட்டியானது, எலும்பு வலுவிழந்தது. சுமார் 2 மாதங்களில் இறந்தன. அந்த மரபணு தயாரிக்கும் புரதத்துக்கு 'குளோத்தோ' என்று பெயர். உயிர் நூலை நூற்கும் கிரேக்கத் தெய்வத்தின் பெயர் அது.

இந்த எலிகளின் எலும்பை 1999-ல் ஆராய்ந்தபோது, கட்டும் செல்கள், அரிக்கும் செல்கள் இரண்டுமே சரியாக வளர்ச்சி அடையவில்லை என்பது தெரிந்தது. கொத்தனாரும் வரவில்லை, இடிக்கும் ஆளும் வரவில்லை. பராமரிப்பே இல்லாத வீடு!

இந்தப் புரதம் அதிகமாக உருவாகும் இடம் எலும்பு அல்ல, சிறுநீரகம். உடம்பில் மிஞ்சும் பாஸ்பேட் உப்பை வெளியேற்ற அது உதவுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் குளோத்தோ குறைகிறது, எலும்பும் பாதிக்கப்படுகிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது எலும்புக்கும் காவல் என்பது இதனால்தான்.

அப்படியென்றால் குளோத்தோவை மாத்திரையாக விழுங்கலாமா? கூடாது. 2017-ல் வெளியான ஆய்வில், எலும்புக்குள் இருக்கும் செல்களில் மட்டும் குளோத்தோவை நீக்கியபோது எலும்பு உருவாவது அதிகரித்தது. இடத்துக்கு இடம் அதன் வேலை மாறுகிறது. 'இளமை மாத்திரை' விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வெயில் ஊரில் வைட்டமின் டி பஞ்சம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பெண்களில் சுமார் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. ஏறக்குறைய அதே அளவு பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. வெயில் கொளுத்தும் ஊரிலேயே இந்த நிலை! எலும்புப்புரை வலிக்காது. பலருக்கு முதல் அறிகுறியே முறிவுதான்.

என்ன செய்யலாம்?

* 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களியோ கூழோ, தட்டில் அடிக்கடி வரட்டும். பால், தயிர், எள், கீரையும் சேரட்டும்.
* நாமக்கல் முட்டை நல்லதுதான். ஆனால் கால்சியம் பெரும்பாலும் நாம் தூக்கி எறியும் ஓட்டில் இருக்கிறது. முட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.
* 'சுண்ணாம்புச் சத்து' என்று சொல்லி வெற்றிலை பாக்கு போடாதீர்கள். பாக்கு புற்றுநோயை வரவழைக்கும்.
* தினமும் நடங்கள். எடை தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும்.
* மாதவிடாய் நின்றவர்கள், லேசாக விழுந்து எலும்பு முறிந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் 'டெக்ஸா ஸ்கேன்' பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
* கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.
* பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு. செலவு கொஞ்சம், காப்பது ஒரு உயிரை.

விஞ்ஞானிகள் குளோத்தோவின் புதிரை அவிழ்க்கட்டும். அதுவரை காத்திருக்காமல், இன்று சாயந்திரம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா எப்போ கீழே விழுந்தீங்க?" பதிலைக் கேட்டதும் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.