பாகத்தோடு பாதையும் கொடுங்கள்

 

தகப்பனார் மறைந்தபின் பிள்ளைகள் ஒன்றுகூடிச் சொத்தைப் பாகம் பிரிக்கின்றனர். "பெண்ணுக்கும் அவள் பங்கைக் கொடுத்துவிட்டோம், மார்க்கக் கடமை நிறைவேறியது" என்னும் மன நிறைவோடு எழுந்து செல்கின்றனர். மறுக்காமல் பங்கு கொடுக்கும் குடும்பங்கள் பாராட்டுக்குரியவை. ஆயினும், கொடுத்த பங்கிற்குப் போய்ச் சேர வழி இருக்கின்றதா, அந்த நிலத்திற்குப் பாயத் தண்ணீர் உண்டா என்று கேட்பவர் மிகச் சிலரே. இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மத்ரஸாவில் பராயிள் பாடம் நடத்தும்போது கணக்கு எளிதாகவே முடிந்துவிடும். இரண்டு ஆண் மக்கள், ஒரு பெண், வேறு வாரிசுகள் இல்லை என்றால் சொத்து ஐந்து பாகம். ஆண் மக்களுக்கு இவ்விரண்டு, பெண்ணுக்கு ஒன்று. கரும்பலகையில் எல்லா ஏக்கரும் ஒரே ஏக்கர்தான். மண்ணில் அப்படியன்று.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்து ஏக்கர் மணிலாக் கொல்லை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்புறம் தார்ச்சாலை. பின்புறம் ஏரிக்கரை. நடுவில் பம்பு செட்டோடு கூடிய கிணறு. பாகப்பிரிவினையில் சாலையை ஒட்டிய நான்கு ஏக்கரையும் அண்ணனும் தம்பியும் எடுத்துக்கொள்கின்றனர். ஏரிக்கரை ஓரத்து ஓர் ஏக்கர் சகோதரிக்கு ஒதுக்கப்படுகின்றது. கிணறு அண்ணன் பாகத்தில் அடங்கிவிடுகின்றது. அளவில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. ஆனால் அவள் நிலத்திற்கு ஏர் போக வேண்டுமானால் அண்ணனிடம் கேட்க வேண்டும். தண்ணீர் பாய வேண்டுமானால் அண்ணியிடம் கேட்க வேண்டும். விளைந்ததை வண்டியில் ஏற்றத் தம்பியின் வரப்பைத் தாண்ட வேண்டும். நான்கு ஆண்டுகள் தரிசாகக் கிடந்த பின், "சும்மா கிடப்பதை எங்களுக்கே கொடுத்துவிடேன்" என்று சகோதரர்கள் பாதி விலைக்குக் கேட்பார்கள். அவளும் வேறு வழியின்றிக் கொடுத்துவிடுவாள். வேறு எவர்தான் வழியில்லாத நிலத்தை வாங்குவார்?

ஊருக்குள்ளும் இதே கதைதான். விழுப்புரத்தின் பழைய தெருக்களில், முன்பக்கம் குறுகலாகவும் பின்னோக்கி நீளமாகவும் அமைந்த வீடுகளைக் காணலாம். தெருப்பக்கம் ஆண் மக்களுக்கு, கொல்லைப்புறம் பெண்ணுக்கு என்று பிரித்துவிட்டு, நடுவே மூன்றடிச் சந்துகூட விடாமல் சுவர் எழுப்பினால் அவள் தன் வீட்டிற்கு எப்படிப் போவாள்? அவள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகும்?

சட்டம் என்ன சொல்கின்றது?

ஒருவருடைய நிலத்தை முறையாக அனுபவிப்பதற்காக அடுத்தவர் நிலத்தின் மீது அவருக்குள்ள உரிமையைச் சட்டத் தமிழில் வசதியுரிமை என்பர். பத்திரங்களில் நடைபாதை பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம், நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் என்றெல்லாம் நாம் காண்பது இதுவே. இதற்கென 1882-ஆம் ஆண்டில் இந்திய வசதியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அது முதன்முதலில் சென்னை ராஜதானி, மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றிற்கே பொருந்தியது. எனவே அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இச்சட்டம் தொடக்கம் முதலே உரியதாயிற்று.

இச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு நம் எடுத்துக்காட்டுக்கு நேராகவே விடையளிக்கின்றது. கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது, ஒருவர் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கின் மீது வழி முதலிய உரிமை இன்றியமையாததானால், பத்திரத்தில் ஒரு சொல்லும் எழுதப்படாவிட்டாலும் அவ்வுரிமை அவருக்கு உண்டு. 14-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி செல்கின்றது. வழி எங்கே என்று அடையாளம் காட்டும் உரிமை, வழி கொடுக்க வேண்டியவருக்கே உரியது. ஆனால் அவர் காட்டும் வழி ஓரளவேனும் வசதியானதாக இருக்க வேண்டும். அவர் காட்ட மறுத்தாலோ அலட்சியம் செய்தாலோ, வழி தேவைப்படுபவரே அதைக் குறித்துக்கொள்ளலாம்.

சட்டம்தான் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று நினைக்கின்றீர்களா? கவலை இருக்கின்றது.

முதலாவது, இவ்வுரிமை இன்றியமையாமை உள்ளவரைதான். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு எப்படியோ போக முடியும் என்றால், "வேறு வழி இருக்கிறதே" என்று எதிர்த் தரப்பு வாதிடும். கோவாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஒரு வழக்கில், வழி கோரியவருக்கு வேறொரு பக்கத்தில் பாதை இருந்தது. அவர் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இரண்டாவது, நீண்டகாலப் பழக்கத்தால் வரும் உரிமை. 15-ஆவது பிரிவின்படி, ஒரு வழியை உரிமையோடும் வெளிப்படையாகவும் இடையூறின்றியும் 20 ஆண்டுகள் அனுபவித்து வந்திருக்க வேண்டும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அனுபவித்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி மெய்ப்பிக்க வேண்டும் என்பதையும் அதே கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அனுமதி கேட்டுப் போய் வந்த காலம் இந்தக் கணக்கில் சேராது.

மூன்றாவது, இதுவே நம் குடும்பங்களுக்கு மிகவும் முக்கியமானது. "அக்கா, நம் நிலம்தானே, தாராளமாகப் போய் வாருங்கள்" என்று தம்பி வாயால் சொல்வது சட்டத்தின் பார்வையில் வெறும் அனுமதி. தம்பி அந்த நிலத்தைப் பிறருக்கு விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையான பின்பு, அதன் இருமருங்கிலும் விளைநிலங்கள் மனைகளாகப் பிரிந்ததை நம் கண்ணாலேயே பார்த்திருக்கின்றோம். மனை போட வந்தவர் கம்பிவேலி இடும்போது, தம்பியின் வாய்ச்சொல்லை யார் மதிப்பார்? பத்திரத்தில் ஏறிய பாத்தியம் அப்படியன்று. நிலம் கைமாறினாலும் அது நிலத்தோடேயே செல்லும்.

வேளாண் நிலத்தில் பெண் மக்களின் ஷரீஅத் பங்கு நமக்கு எளிதில் வந்ததல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலங்களை விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணத்தில் திருத்தச் சட்டம் கொண்டுவரப்பட்ட பின்னரே விவசாய நிலமும் அதன் கீழ் வந்தது. சட்டம் திறந்த கதவை நாம் வரப்பு போட்டு அடைக்கலாமா?

மார்க்கம் என்ன சொல்கின்றது?

நம் பிக்ஹு நூல்களில் ‘ஹக்குல் இர்திஃபாக்’ என்று ஒரு பகுதி உண்டு. நடந்து செல்லும் உரிமை ‘முரூர்’, நீர் பாயும் முறை ‘ஷிர்ப்’, வாய்க்கால் கொண்டுசெல்லும் உரிமை ‘மஜ்ரா’, கழிவுநீர் வெளியேறும் உரிமை ‘மஸீல்’ என இமாம்கள் வகுத்து ஆராய்ந்துள்ளனர். 1882-க்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவை பாடமாக இருந்தன.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முஅத்தாவில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ளஹ்ஹாக் இப்னு கலீஃபா என்பார் தம் நிலத்திற்கு ஒரு வாய்க்கால் கொண்டுவர விரும்பினார். அது முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் நிலத்தின் வழியே வர வேண்டியிருந்தது. அவர்கள் இணங்கவில்லை. "உமக்கும் அதில் பயன் உண்டு, முதலிலும் முடிவிலும் நீர் அதிலிருந்து பாய்ச்சிக்கொள்ளலாம், தீங்கு ஏதும் இல்லையே" என்னும் கருத்துப்பட ளஹ்ஹாக் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் சென்றது. முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) பத்ருப் போரில் கலந்துகொண்ட பெருமைக்குரிய ஸஹாபி. ஆயினும் கலீஃபா தயங்கவில்லை. அவருடைய வயிற்றின் மீதேனும் அந்த நீர் ஓடியே தீரும் என்று ஆணையிட்டு உறுதியாகத் தீர்ப்பளித்தார்கள். வாய்க்காலும் ஓடியது.

பாதையின் அகலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால் ஏழு முழம் விடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. நம் கணக்கில் அது ஏறத்தாழப் பத்தரை அடி. ஒரு மாட்டுவண்டியோ டிராக்டரோ தடையின்றிப் போகும் அகலம்.

வழியுரிமை பெற்றவருக்கும் கடமை உண்டு. ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்திற்குள் பேரீச்ச மரம் இருந்தது. அதற்காக அவர் வந்து போவது அத்தோழரின் குடும்பத்தாருக்குத் தொல்லையாயிற்று. விற்றுவிடவும், மாற்றிக்கொள்ளவும், அன்பளிப்பாகக் கொடுத்துவிடவும் நாயகம் (ஸல்) கேட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அவர் இசையாதபோது மரத்தையே அகற்றிவிடும்படி அன்ஸாரித் தோழருக்குச் சொன்னார்கள் என்று அபூதாவூதில் வருகின்றது. எனவே வழி பெற்ற சகோதரியும் அண்ணன் வீட்டாரின் மறைவையும் பயிரையும் மதித்தே அதைப் பயன்படுத்த வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் நாளிலேயே இவற்றைச் சேர்த்துவிடுங்கள். பாதை எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பக்கமாக, எத்தனை அடி அகலத்தில் செல்கின்றது என்பதை வரைபடத்தோடு குறியுங்கள். நடக்க மட்டுமா, வண்டி, டிராக்டர் செல்லவுமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கிணறு பொதுவானால், யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை, மோட்டார் பழுதுக்கு யார் எவ்வளவு செலவு ஏற்பது என்பனவும் இடம்பெற வேண்டும். வடிகாலை மறந்துவிடாதீர்கள். இந்தப் பாத்தியங்கள் இருதரப்பு வாரிசுகளுக்கும், பின்னால் வாங்குவோருக்கும் பொருந்தும் என்ற வாசகத்தையும் சேர்த்துப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

சகோதரிகளே! கையெழுத்திடும் முன் பத்திரத்தை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இயன்றால் ஒருமுறை நிலத்திற்கே சென்று, சாலையிலிருந்து உங்கள் பங்கு வரை நடந்து பாருங்கள். கேட்பது உறவுக்கு ஆகாது என்று எண்ணி மௌனமாக இருந்துவிடாதீர்கள். இன்று கேட்டுப் பெறும் பத்தடிப் பாதை, நாளை உடன்பிறந்தவர்கள் நீதிமன்ற வாசலில் முகம் திருப்பி நிற்காமல் காக்கும்.

பாகம் பிரிக்க அழைக்கப்படும் ஜமாஅத் பெரியோர்களே! பங்குக் கணக்கைச் சரிபார்ப்பதோடு உங்கள் பணி முடிந்துவிடுவதில்லை. "இந்தப் பிள்ளையின் பாகத்திற்கு வழி எது?" என்று சபையில் ஒரு கேள்வி கேளுங்கள்.

பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவர், மறுமையில் ஏழு பூமிகளின் பாரம் கழுத்தில் மாட்டப்படுவார் என்ற ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஒரு சாணும் எடுக்காமல், வழியை மட்டும் அடைத்து, ஓர் ஏக்கரையும் பயனற்றதாக்கி, பின்பு பாதி விலைக்கு வாங்கிக்கொள்பவர் தம் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடன்பிறந்தாரின் உரிமையை முழுமையாகக் கொடுத்து, உறவைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.