கெடு முடிந்த பெயர் யார் கைக்குப் போகும்?

இண்டர்நெட் முகவரிகளுக்கு நள்ளிரவில் நடக்கும் பந்தயம்

1999-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். "ஹாட்மெயில்" என்ற இலவச ஈ-மெயில் பெட்டி வைத்திருந்த ஏராளமான பேர் திண்டாடினார்கள். பெட்டி திறக்கவில்லை. கடிதம் பார்க்க முடியவில்லை. எதிரி யாரும் புகவில்லை. இயந்திரமும் கெடவில்லை. "பாஸ்போர்ட் டாட் காம்" என்ற முகவரிக்குக் கட்டணம் கட்ட மைக்ரோசாப்ட் கம்பெனி மறந்துவிட்டது. அவ்வளவுதான். தொகை எவ்வளவு? 35 டாலர்!

அமெரிக்காவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த 35 டாலரைத் தம் கிரெடிட் கார்டில் இருந்து கட்டினார். பெட்டி திறந்தது. மைக்ரோசாப்ட் அவருக்கு 500 டாலர் செக் அனுப்பி நன்றி சொன்னது.

இவ்வளவு பட்டும் அந்தக் கம்பெனிக்குப் புத்தி வரவில்லை. 2003-ம் ஆண்டில், இங்கிலாந்தில் அதற்கு இருந்த "ஹாட்மெயில் டாட் கோ டாட் யூகே" என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்தது. இந்தத் தடவை ஒருவர் அந்தப் பெயரையே வாங்கிவிட்டார்! நல்ல வேளையாக, அதைத் திருப்பிக் கொடுக்க அவர் முன்வந்தார்.

சொந்தம் அல்ல, குத்தகை

இண்டர்நெட்டில் ஒரு கடைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ உள்ள முகவரியை "டொமைன்" என்கிறார்கள். வீடு, நிலம் வாங்குவது போல இதைக் காலத்துக்கும் வாங்கிவிட முடியாது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை குத்தகைக்குத்தான் எடுக்கலாம். கெடு முடியுமுன் மறுபடி பணம் கட்டவேண்டும். "டாட் காம்" என்று முடியும் பெயர்கள் மட்டும் 15 கோடிக்கு மேல் இருக்கின்றன. அவற்றின் பதிவேட்டை அமெரிக்காவில் உள்ள வெரிசைன் கம்பெனி வைத்திருக்கிறது. விதிகளை வகுப்பது "ஐகேன்" என்ற அமைப்பு. அது 1998-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

பொதுமக்கள் நேரே வெரிசைனிடம் போகமுடியாது. நடுவில் பதிவுக் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றிடம்தான் பெயரை எடுக்கவேண்டும்.

கெடு தவறினால்?

கெடு தவறிய மறுநாளே பெயர் பறிபோய்விடாது. முதலில் சலுகைக் காலம். "டாட் காம்" பெயருக்கு இது அதிகபட்சம் 45 நாள். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த நாட்களில் வழக்கமான கட்டணத்தைக் கட்டினாலே பெரும்பாலும் பெயர் திரும்பிவிடும். ஆனால் பக்கம் திறக்காமல் போகலாம். கடிதங்களும் நின்றுபோகலாம்.

அப்போதும் கட்டாவிட்டால் "மீட்புக் காலம்" 30 நாள். பழைய உரிமையாளர் ஒருவர்தான் அப்போது பெயரை மீட்கமுடியும். அபராதத்தோடு பல மடங்கு பணம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் 5 நாள் பெயர் முடங்கிக் கிடக்கும். அந்த ஐந்து நாளில் அரசனே வந்தாலும் அதைத் தொடமுடியாது. பிறகு பதிவேட்டில் இருந்து அடித்துவிடுவார்கள். அந்த நொடி முதல் அது முந்தினவருக்குச் சொந்தம்.

"டாட் இன்" போன்று ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய பெயர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம்.

நள்ளிரவுப் பந்தயம்

ஒருவர் ஆசைப்பட்ட பெயர் இன்னொருவரிடம் இருக்கிறது, கெடு முடிந்துவிட்டது. 80 நாள் பொறுத்திருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைக்கக்கூடும். சொல்ல எளிது. நடப்பது கடினம்!

"டாட் காம்" பெயர்களை அடிக்கும் வேலை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் நடக்கிறது. இந்தியாவில் அது நள்ளிரவு. நல்ல பெயர் என்றால், அடிக்கப்பட்ட ஒரு நொடிக்குள்ளேயே அதைக் கவ்விவிட இயந்திரங்கள் காத்திருக்கின்றன. பெயர் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் உண்டு. ஒரு பதிவு உரிமத்துக்கு இத்தனை தடவைதான் கதவைத் தட்டலாம் என்று வெரிசைன் வரம்பு வைத்திருக்கிறது. அதைச் சமாளிக்க ஒரே கம்பெனி நூற்றுக்கணக்கான உரிமங்களை வாங்கி அடுக்கியது. விரலால் பொத்தானை அழுத்துகிறவர் இவர்களோடு எப்படி ஓடமுடியும்?

ஆகவே பெயர் தேடுகிறவர்கள் இந்தக் கம்பெனிகளிடமே முன்பதிவு செய்கிறார்கள். பெரும்பாலும், பெயர் கிடைத்தால் மட்டுமே பணம். ஒரே பெயருக்குப் பலர் பதிந்திருந்தால் அவர்களுக்குள் ஏலம்.

பல நல்ல பெயர்கள் இந்தப் பந்தயத்துக்கே வருவதில்லை. சலுகைக் காலம் நடக்கும்போதே பதிவுக் கம்பெனிகள் அவற்றை ஏலத்தில் விட்டுவிடுகின்றன. பழையவர் கெடுவுக்குள் வந்து பணம் கட்டினால் ஏலம் ரத்து. எடுத்தவருக்குப் பணம் வாபஸ். பழையவர் மறந்ததில் கம்பெனிக்கு லாபம் என்ற இந்த ஏற்பாடு நியாயம்தானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் விதி அதை அனுமதிக்கிறது.

அவசரம் இல்லாத, அதிகம் பேர் நாடாத பெயர்தான் சாமானியருக்குக் கிட்டும். பழைய உரிமையாளரையே கண்டுபிடித்து விலை பேசுவது சில சமயம் இதைவிடச் சுலபம்.

பெயர் கிடைத்தாலும் பிறர் வியாபாரப் பெயரைத் தொட்டால் வம்பு வரும். சென்னைக் கம்பெனியான சத்யம் இன்போவே, "சிபி" என்ற தன் பெயரைப் போலவே "சிப்பிநெட்" என்று வேறொருவர் வைத்ததை எதிர்த்து வழக்குப் போட்டது. 2004-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சத்யம் பக்கம் தீர்ப்பு அளித்தது. டொமைன் பெயருக்கும் வியாபாரச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்றது.

கடிதம் யாருக்கு?

பெயர் கைமாறினால் பக்கம் மட்டும் போவதில்லை. அந்த முகவரிக்கு வரும் கடிதங்களும் புதியவரின் பெட்டியில் விழும்! பாங்கிக் கணக்குக்கு அந்த முகவரியைக் கொடுத்திருந்தால், ரகசியச் சொல்லை மாற்றும் கடிதமும் அவருக்கே போகும்.

2024-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர், கைவிடப்பட்ட ஒரு பெயரை 20 டாலருக்கு எடுத்தார்கள். "டாட் மொபி" என்று முடியும் முகவரிகளின் விவரம் சொல்லும் இயந்திரத்துக்கு முன்பு இருந்த பெயர் அது. இயந்திரம் எப்போதோ இடம் மாறிவிட்டது. ஆனால் உலகம் முழுவதும் 1,35,000-க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சில நாட்களுக்குள் அந்தப் பழைய வாசலிலேயே வந்து நின்றன. சில அரசாங்கங்களின் கம்ப்யூட்டர்களும் அதில் இருந்தன. எடுத்தவர்கள் திருடர்களாக இருந்திருந்தால்?

உயிருக்கே ஆபத்து வரக்கூடிய சம்பவமும் உண்டு. காது கேளாதவர்கள் சைகை மொழியில் டெலிபோன் பேச உதவும் சோரன்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி, ஒரு பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஆபத்துக்கு அழைக்கும் 911 எண்ணைக்கூட அவர்களால் அதன் வழியாக எட்ட முடியவில்லை. 2017-ம் ஆண்டில் அரசாங்க ஆணையத்தோடு செய்த உடன்பாட்டில், அந்தக் கம்பெனி சுமார் 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நினைவூட்டல் வராதா? வரும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, கெடு தவறிய ஐந்து நாட்களுக்குள் ஒன்று அனுப்பவேண்டும் என்பது ஐகேன் விதி. ஆனால் பலர் பதிவேட்டில் கொடுத்திருப்பது அதே பெயரில் உள்ள ஈ-மெயில் முகவரி. பெயர் நின்றதும் அந்தப் பெட்டியும் நின்றுவிடும். கடைசிக் கடிதம் வந்து சேராது! வேறு பெட்டியின் முகவரியைக் கொடுத்திருந்தால் சேரும்.

இன்னொரு விஷயம். பக்கம் அமைத்துக் கொடுத்தவரே பெயரையும் தம் பெயரில் பதிந்து வைத்திருப்பது உண்டு. கடைக்காரர் ஆண்டுதோறும் அவரிடம் பணம் கொடுப்பார். ஆனால் பதிவேட்டின்படி குத்தகைதாரர் கடைக்காரர் அல்ல. அமைத்தவர் தொழிலை விட்டுப் போனால், நினைவூட்டல் எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.