போப்பின் மன்னிப்பு யாத்திரை

காலஞ்சென்ற போப் பிரான்சிஸ் 2022-ம் வருஷம் ஜூலை மாதம் கனடா தேசஞ் சென்று, பூர்வகுடி மக்களைக் கண்டு மன்னிப்புக் கேட்டதைப் பலர் பெரிய தர்மமாகப் பாராட்டினார்கள். மன்னிப்புக் கேட்கும்படியாக நடந்தது என்ன?

சுமார் 1,50,000 குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, அதற்கு நாகரிகம் என்று பெயரும் வைத்தார்கள். பணம் சர்க்காருடையது, பள்ளிகளில் பாதிக்கு மேல் நடத்தியது கத்தோலிக்க சபையார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை.

போப் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க 2015-ல் விசாரணைக் கமிஷன் கொடுத்த தவணை ஒரு வருஷம். கடவுளின் பிரதிநிதிக்குப் பிடித்ததோ ஏழு வருஷம்! வந்தும், மஸ்க்வாசிஸ் ஊரில் பழியைக் கிறிஸ்தவர்கள் பலர் தலையில் வைத்தாரேயொழிய, சபை என்னும் ஸ்தாபனத்தின் தலையில் வைத்தாரில்லை. 2006-ம் வருஷ ஒப்பந்தப்படி வசூலித்துத் தர முயலுவதாகச் சொன்ன 2½ கோடி டாலரில், 2015-ல் கோர்ட்டு அவர்களை விடுவிக்கும் வரை 40 லட்சங்கூடச் சேரவில்லை.

மதமில்லாவிட்டால் ஒழுக்கம் ஏது என்போரை நாம் கேட்கிறோம்: அடித்தவர் கையில் வேதம் இருந்ததே, அது தடுத்ததா? தப்பென்று காட்டியது, உயிர் பிழைத்தோரின் சாட்சியமும் மனிதர் நடத்திய விசாரணையுமே அல்லவா?