ஊர் நாய்க்கு யார் சொந்தக்காரர்?

விடியற்காலை 4 மணிக்குக் கீரிப்பாறையைப் பார்த்திருக்கிறீர்களா? ரப்பர் தோட்டத்துக்குள் மின்மினிகளைப் போலச் சிறு சிறு வெளிச்சங்கள் நகர்ந்துகொண்டிருக்கும். பால்வெட்டும் தொழிலாளர்கள் நெற்றியில் கட்டியுள்ள டார்ச் விளக்குகள் அவை. குளிர்ந்த வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால்தான் இந்த அதிகாலை வேலை.

அந்த விளக்குகள் பலவற்றுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ ஒரு நாயும் போகும். காட்டின் ஓரத்தில் இருக்கும் தோட்டம் அல்லவா? யானை வரும், பன்றி வரும், பாதையில் பாம்பு கிடக்கும். மனிதனின் விளக்கு பத்தடி தூரம் காட்டும் முன்பே நாயின் மூக்கு நூறடிக்கு அப்பால் இருப்பதைச் சொல்லிவிடும். நாய் நின்று உறுமினால் தொழிலாளியும் நின்றுவிடுவார். இதைவிட நல்ல துணை வேறு என்ன வேண்டும்?

எங்கள் பக்கத்தில் நாயைப் பட்டி என்பார்கள். தொழிலாளர் குடியிருப்பில் படுத்திருக்கும் ஒரு பட்டியைக் காட்டி, "இது ஆருக்க பட்டி மாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "இங்க உள்ளதுதான் மக்கா" என்று பதில் வரும். காலையில் ஒரு வீட்டில் பழங்கஞ்சி, மத்தியானம் இன்னொரு வீட்டில் மீன் தலை, இரவில் மூன்றாவது வீட்டுத் திண்ணை. எல்லோருக்கும் சொந்தம், ஆனால் ஊசி போட அழைத்துப்போக மட்டும் ஆள் இல்லை. நான் சொல்ல வந்த சங்கதி இதுதான். ஐந்து வீட்டில் சாப்பிடும் நாய்க்கு அந்த ஐந்து வீடும் சேர்ந்துதான் சொந்தக்காரர். ஆகையால் ஆண்டுக்கு ஒரு நாள் ஊரே கூடி, ஊரில் உள்ள எல்லா நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். 1991-ல் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் எங்கிருந்தோ ஓடிவந்த பேப்பட்டி ஒன்று, அதாவது வெறிநாய், எங்கள் மணியனுடன் சண்டைக்கு நின்றது. விலக்கப் போன என் கெண்டைக்காலில் பல் பதிந்தது. எந்த நாயின் பல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. தொப்புளைச் சுற்றி 14 நாட்கள் போட வேண்டும். தினமும் அப்பாவுடன் நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய் வந்தேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது மணியன் இல்லை. குடியிருப்பில் ஒரு நாயும் இல்லை. எல்லாவற்றையும் அடித்துக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் ஒருவர் மணியனுக்குத் தினமும் மீன் தலை போட்டவர். எந்த நாய்க்கு நோய் ஒட்டியது, எதற்கு ஒட்டவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. தடுப்பூசி போட்ட நாய் என்று ஒன்றுகூட அன்று எங்கள் குடியிருப்பில் இல்லை. பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது.

இன்று அந்த ஆட்டு மூளை ஊசி இந்தியாவில் வழக்கொழிந்துவிட்டது. இப்போது கையில் போடும் ஊசிதான்; தோலில் போடுவதாக இருந்தால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை. கடி வாங்கியவுடன் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் கூடாது. நோயின் வைரஸ் நரம்பு வழியாக மூளையை நோக்கி நகர்கிறது. வேகம் ஒரு நாளைக்கு ஒருசில சென்டிமீட்டர்தான். காலில் கடித்தால் அதற்கு நீண்ட பயணம், முகத்தில் கடித்தால் குறுகிய பயணம். உங்கள் உயரம் குறைவு என்பதால் உங்களுக்குத்தான் முகத்தில் கடி விழும் ஆபத்து கூடுதல். மூளையை எட்டி நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே இந்த நோயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அணு உலைதான் நினைவுக்கு வரும். 1942 டிசம்பர் 2-ஆம் தேதி சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி முதல் அணு உலையை இயக்கினார். ஒரு யுரேனியம் அணு பிளந்தால் நியூட்ரான்கள் வெளிப்படும். அவற்றில் சராசரியாக ஒன்றுக்கு மேல் இன்னோர் அணுவைப் பிளந்தால் தொடர்வினை பெருகும். ஒன்றுக்குக் கீழே போனால் தானாக அணைந்துவிடும். நியூட்ரான்களை விழுங்க ஃபெர்மி காட்மியம் தண்டுகளைச் செருகி வைத்திருந்தார். அவற்றை உருவ உருவ உலை உயிர் பெற்றது.

வெறிநோயும் அப்படியே. நோயுற்ற ஒரு நாய், தான் சாகும் முன் சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைக் கொடுக்கிறது? தட்டம்மைக்கு இந்த எண் பத்துக்கும் மேலே. நாய்வெறிக்கோ 2-க்கும் குறைவு. கேட்டால் வியப்பாக இருக்கும். இத்தனை கொடிய நோய் பரவுவதில் இவ்வளவு மந்தம்! பல ஊர்களில் கணக்கிட்டபோது அது 1-ஐச் சற்றே தாண்டி நிற்கிறது. தடுப்பூசி போட்ட நாய்தான் நம் காட்மியம் தண்டு. அதைக் கடித்தாலும் நோய் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். அந்த எண் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாய்களில் ஒன்று ஊசி போட்டதாக இருந்தால், 1.5 என்பது 1 ஆகிவிடும். அப்படியானால் 34 சதவீதம் போதுமே, ஏன் எல்லோரும் 70 சதவீதம் என்கிறார்கள்? காரணம், நாயின் ஆயுள் குறுகியது. ஓர் ஊரில் 100 நாய்கள். 70-க்கு ஊசி போட்டாயிற்று. ஓராண்டில் 40 நாய்கள் செத்து, 40 குட்டிகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். செத்த 40-ல் ஊசி போட்டவை 28 இருக்கும். மிச்சம் 42. அடுத்த முகாம் வரும்வரை 34-க்குக் கீழே இறங்காமல் தாக்குப்பிடிக்கும். முதலில் 50-க்கு மட்டும் போட்டிருந்தால் ஆண்டு முடிவில் 30 ஆகியிருக்கும். காட்மியம் தண்டை உருவிய கதைதான்.

"வீட்டுப் பட்டிக்கு எதுக்கு சாரே ஊசி? அது ஆரையும் கடிக்காது" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். மணியனும் யாரையும் கடிக்காத நாய்தான். நோய் வந்த பின் கடிப்பது நாயின் குணம் அல்ல, மூளையில் புகுந்த வைரஸின் வேலை. இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்றும் உண்டு. நாய்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டில்லித் தெருநாய்களைப் பற்றி அப்படித்தான் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற வளாகங்களுக்கு நவம்பரில் தனி உத்தரவும் வந்தது. குழந்தையைக் கடி கொடுத்த தாயின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊசி போட்ட நாயை அகற்றினால் சோறும் திண்ணையும் அங்கேயே இருக்கும். ஊசி போடாத புது நாய் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். எங்கள் குடியிருப்பில் 1991-ல் எல்லா நாய்களும் போயின. அடுத்த ஓணத்துக்கு முன்பே திண்ணைகளில் வேறு நாய்கள் படுத்திருந்தன.

நடக்கக்கூடிய காரியமா இது? கோவாவைப் பாருங்கள். 2013 முதல் அங்கே வலைகளோடு குழுக்கள் தெருத் தெருவாகப் போயின. ஆண்டுக்கு 95,000-க்கும் மேற்பட்ட நாய்களுக்கு, அதாவது 70 சதவீதத்துக்கு, ஊசி போடும் நிலையை எட்டினார்கள். ஆண்டுக்கு 1,50,000 பள்ளிக் குழந்தைகளிடம் போய்ப் பேசினார்கள். 2019-க்குள் நாய்களிடையே நோய் 92 சதவீதம் குறைந்தது; மனிதர் சாவதும் நின்றது. ஒரு மாநிலம் முழுவதற்கும் முடிந்தது, ஒரு மலையடிவார ஊருக்கு முடியாதா?

நாய் வளர்ப்போர் கூடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஊட்டியில் கோடைதோறும் நாய்க் கண்காட்சி நடக்கும். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலைகூட வெளியிட்டார்கள். நேபாளத்தில் திகார் பண்டிகையின்போது ஒரு நாள் நாய்களுக்கென்றே ஒதுக்கி, தெருநாய்க்கும் மாலை போட்டுப் பொட்டு வைக்கிறார்கள். எனக்கு அந்த நேபாள வழக்கம் பிடிக்கும். மாலையோடு ஓர் ஊசியும் போட்டால் இன்னும் பிடிக்கும்.

கீரிப்பாறை போன்ற ஊருக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. தோட்டம் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் செந்நாய்கள் வாழ்கின்றன. முழு வளர்ச்சி பெற்ற செந்நாய்கள் உலகம் முழுவதிலும் 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிட்டுள்ளனர். நம் நாய்களின் நோய்கள் அவற்றுக்கும் ஒட்டும். வெறிநோய் மட்டுமல்ல, டிஸ்டெம்பர் என்ற நோயும் உண்டு. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் கிராமத்து நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1,000 சிங்கங்கள், மடிந்தன. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டிலும் இதே வைரஸ் சிங்கங்களைத் தாக்கியது. வெறிநோய் ஊசி டிஸ்டெம்பரைத் தடுக்காது. அதற்குத் தனி ஊசி. காட்டோர ஊர்களுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

டிஸ்டெம்பர் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1914-ல் ஜெர்மனியில் பான் நகருக்கருகே ஓபர்காசல் என்ற இடத்தில், சுமார் 14,000 ஆண்டுக்கு முந்தைய புதைகுழி ஒன்று கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. ஏழு மாதம்கூட நிறையாத குட்டி. அதன் பற்களில் இருந்த அடையாளங்களைக் கொண்டு, அதற்கு டிஸ்டெம்பர் வந்திருந்தது, வாரக்கணக்கில் நோயோடு கிடந்தது என்று பின்னாளில் ஆராய்ந்து சொன்னார்கள். அத்தனை நாள் அது உயிரோடு இருந்திருக்கிறது என்றால் யாரோ தண்ணீர் கொடுத்து, துடைத்துவிட்டு, பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத குட்டி அது. அப்போதே நாய்க்கும் நமக்கும் உள்ள உறவு அப்படி!

சரி, எந்த நாளில் கூடுவது? உலக வெறிநோய் தினம் செப்டம்பர் 28. பாஸ்டர் மறைந்த நாள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கீரிப்பாறைக்கு அது சரிவராது. மழை இருக்கும், மழை விட்டால் பால்வெட்டு இருக்கும். நாய்களோ தொழிலாளர்களுடன் தோட்டத்துக்குள் போய்விடும். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்வெட்டை நிறுத்திவைப்பார்கள். அப்போது ஆளும் வீட்டில், நாயும் திண்ணையில். மழையும் இல்லை. ஊர்க்காரர்கள் கால்நடை மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே போய்க் கேட்க வேண்டும். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டுமாகையால் நல்ல ஐஸ் பெட்டி ஒன்று அவசியம்.

கூட்டம் என்றாலே நம் ஊரில் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம்! நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். ஒலிபெருக்கியின் கிறீச்சொலியில் நமக்குக் கேட்காத பகுதியும் அதற்குக் கேட்கும். வெடிச்சத்தத்தில் நாய்கள் கட்டிலுக்கடியில் புகுவதைத் தீபாவளிக்கு நீங்களே பார்த்திருப்பீர்கள். வீட்டு வரிசைக்கு ஒரு நேரம் கொடுத்து, நாய்க்கு நாய் பத்தடி இடைவெளி விட்டு, கயிற்றில் கட்டி, அது நம்பும் ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டு வரட்டும். பெரியவர்கள் பிடிக்கட்டும், நீங்கள் வேண்டாம்.

உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, அது எண்ணும் வேலை. ஊசி போட்ட நாயின் நெற்றியில் அழியக்கூடிய சாயத்தால் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை 6 மணிக்கு ஆசிரியர் ஒருவருடன் நோட்டும் பென்சிலுமாக ஊரைச் சுற்றி வாருங்கள். எட்டத்தில் நின்று பார்த்தால் போதும்; நாயைத் தொடவோ துரத்தவோ கூடாது. பொட்டு உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை? 30 நாய்கள் கண்ணில் பட்டு அதில் 18-க்குத்தான் பொட்டு இருந்தால் 60 சதவீதம், இன்னும் எட்டவில்லை. பொட்டில்லாத 12 நாய்களும் எந்தெந்தத் திண்ணையில் படுத்திருந்தன என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அன்று மாலை அந்த வீட்டுக்காரர்களிடம் போய், மருத்துவர் மலையிறங்கும் முன் யார் எந்த நாயைக் கூட்டிவருவது என்று பேசி முடிவு செய்துவிடலாம்.