தளர்ந்த தோலோடு கம்பம் ஏறலாமா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களுடைய வீட்டாருமாக, வானகரத்திலும் சுற்றுப்புறத்திலும் வசிக்கும் சிலர் மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிறோம். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஒரு இட்லியை அரை மணி நேரம் சாப்பிடுவது எப்படி என்பவையே பெரும்பாலும் எங்கள் பேச்சு. சென்ற கூடுகையில் எங்களுள் ஒருவர், இரண்டு ஆண்டுகளில் 46 கிலோ குறைந்தவர், தாம் போல் டான்ஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. முதலில் வாய் திறந்தவர் அவருடைய மாமியார்தான். "சினிமாவுல கிளப்புல ஆடுவாங்களே, அதுவாம்மா?" என்று எங்களிடமே கேட்டார். பிறகு கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண் தயங்கியபடி கேட்டார்: "அக்கா, அதுக்கு அரைக்கால் சட்டைதானே போடணும்? உங்க தோல்?"

முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது கேள்விக்காகவே இதை எழுதுகிறோம்.

எடை குறைந்த பிறகு தோல் தொங்குவதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பல ஆண்டுகள் விரிந்து கிடந்த தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் இழைகள் சிதைந்துவிடுகின்றன. உள்ளிருந்த கொழுப்பு போன பின்னும் தோல் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. எவ்வளவு எடை குறைந்தது, எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தோம், வயது என்ன, புகைப்பழக்கம் உண்டா என்பவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் இது வேறுபடும். வயிற்றின் கீழ்ப்பகுதியில் மடிப்பாகத் தொங்கும். மேற்கையில் சிறகு போல ஆடும். உள்தொடையில் ஒன்றோடொன்று உரசும். சென்னை வெயிலில் அந்த மடிப்புகளில் வியர்வை தங்கி, பூஞ்சைத் தொற்று வந்து, தோல் சிவந்து எரியும். மே மாதத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்துக்காக நின்றவர்களுக்கு அந்த எரிச்சல் நன்றாகத் தெரியும்.

வெளியே தெரியாமல் மறைத்துக்கொள்ளப் புடவை உதவுகிறது. ரவிக்கையின் கையை முழங்கை வரை நீட்டித் தைத்துக்கொள்கிறோம். தையற்காரர் அளவெடுக்கும்போது நாடாவை எங்கே இறுக்குவது என்று தெரியாமல் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்தை எங்களுள் எவரும் மறக்கவில்லை. 46 கிலோ குறைந்து, சர்க்கரை மாத்திரை நின்று, முழங்கால் வலி போய், ஊரெல்லாம் பாராட்டுகிற ஒரு பெண் குளியலறைக் கண்ணாடியைத் துணியால் மூடி வைத்திருந்தார் என்பதும் இந்தக் கூடுகையில்தான் தெரிய வந்தது.

ஒன்றை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். உடற்பயிற்சியால் தளர்ந்த தோல் மறையாது. தசை வளர்ந்தால் மேற்கையும் தொடையும் ஓரளவு நிரம்பித் தோற்றம் மாறும். தோல் அங்கேயேதான் இருக்கும். களிம்பு தடவினால் இறுகும் என்று விற்பவர்களை நம்பிப் பணம் செலவழித்தவர்கள் எங்களில் மூவர். ஆகவே, தோல் சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதைத் தள்ளிவைத்தாலும் அது தள்ளிக்கொண்டே போகும். நீச்சல், ஓட்டம், நடனம், எதுவானாலும் இருக்கிற தோலோடு தொடங்குவதே வழி என்பது எங்கள் கருத்து. கம்பமும் அதில் அடங்கும்.

கம்பத்தின் மீதுள்ள அருவருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நாட்டில் கம்பம் ஏறுவது புதிதன்று. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில் மல்லர்களின் கம்பப் பயிற்சி பற்றிய குறிப்பு உண்டு என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் ஆசிரியர் பாலம்பட்ட தாதா தேவதர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். தேக்கு போன்ற உறுதியான மரத்தில் கம்பம் செய்து, விளக்கெண்ணெய் தடவி, அதில் ஆசனங்கள் போடுகிறார்கள். மத்தியப் பிரதேசம் 2013இல் இதை மாநில விளையாட்டாக அறிவித்தது. நம் விழுப்புரத்தில் பிள்ளைகள், பெண் குழந்தைகள் உட்பட, மல்லர் கம்பம் பழகுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம். திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுகிறவனைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

போல் டான்ஸ் மல்லர் கம்பத்திலிருந்தே பிறந்தது என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. நாங்கள் அவ்வளவு தூரம் போக மாட்டோம். அதன் இன்றைய வடிவம் மேலை நாடுகளின் இரவு விடுதிகளில் ஆடிய பெண்களால் வளர்க்கப்பட்டது. அதை மறைத்துப் பேசுவது அந்தப் பெண்களுக்கும் நியாயமன்று. ஆனால் 2009இல் அதற்கென உலகக் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுமன்றம் அதற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது. பெருநகரங்களில் அதைக் கற்க வருகிறவர்கள் வேலைக்குப் போகும் பெண்களும் தாய்மார்களுமே. எங்கள் தோழி போகும் அறையில் நான்கு கம்பங்களும் ஒரு மேசை விசிறியும் பாய்களும் தவிர வேறொன்றும் இல்லை என்று மாமியாரே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

அரைக்கால் சட்டைக்கும் காரணம் இருக்கிறது. மல்லர் கம்பம் ஏறும் பையன்கள் ஏன் சிறு ஆடை மட்டும் அணிகிறார்கள்? துணி வழுக்கும், தோல்தான் கம்பத்தைப் பற்றும். உலோகக் கம்பத்தில் இது இன்னும் கூடுதல். தொடையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு ஆகிய இடங்களின் தோல்தான் உடலின் முழு எடையையும் தாங்குகிறது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த விளையாட்டில் தனியான ஒரு சிக்கல் உண்டு.

இறுகிய தோல் உள்ளவர் தொடையால் கம்பத்தைக் கவ்வினால் தோலும் தசையும் சேர்ந்து பிடிக்கின்றன. தளர்ந்த தோலில் தோல் மட்டும் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ள, உள்ளிருக்கும் தசை கீழே சறுக்குகிறது. தோல் முறுக்கிக் கிள்ளுகிறது. முதல் வகுப்பில் எங்கள் தோழியின் உள்தொடை முழுவதும் கருநீலமாகக் கன்றிவிட்டது. ஆசிரியை அனுபவமுள்ளவர்தான், ஆனால் இப்படிப்பட்ட உடலை அதற்கு முன் பார்த்ததில்லை. "முதலில் எல்லாருக்கும் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது பாதி உண்மை. புதியவர் எல்லாருக்கும் வலிக்கும் என்பது சரி. ஆனால் மடிப்பு கம்பத்துக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உண்டாகும் வலியைப் பொறுத்துக்கொண்டால் தோல் கிழியவும் கூடும்.

அவர் தாமே கண்டுபிடித்த வழிகளைக் கேட்டு எழுதிக்கொண்டோம். கவ்வுவதற்கு முன் தொடைத் தோலைக் கையால் மேல்நோக்கி இழுத்துவிட்டு, மிச்சத் தோல் கம்பத்தின் பின்புறம் போகும்படி செய்துகொண்டு, பிறகுதான் இறுக்குகிறார். வயிற்று மடிப்பை இடுப்புக்கு மேல் வரை வரும் இறுக்கமான உள்ளாடைக்குள் அடக்கிக்கொள்கிறார். இல்லையென்றால் உடல் சாயும்போது அது இடம் மாறிச் சமநிலையைக் குலைக்கிறது. அக்குளால் பிடிக்கும் பயிற்சிகளை இப்போதைக்கு விட்டுவிட்டார். சிலிக்கான் பூசிய, கம்பத்தில் பிடிக்கும் கால்சட்டைகள் கிடைக்கின்றன. அவற்றை அணிந்தால் தொடை மறையும், கன்றலும் குறையும். வகுப்பு நாளில் எண்ணெயோ லோஷனோ தடவுவதில்லை. மடிப்பில் சிவப்போ புண்ணோ இருந்தால் அன்று வகுப்புக்குப் போவதில்லை. கழுவி, நன்றாக உலர்த்தி, தோல் மருத்துவர் தந்த மருந்தைப் பூசிக்கொண்டு வீட்டிலிருக்கிறார். வியர்வையில் கை வழுக்குவது சென்னைக்காரர் அனைவருக்கும் பொதுவான துன்பம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை துண்டால் கம்பத்தைத் துடைப்பதைத் தவிர அதற்கு வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளையே யாரும் கம்பத்தைப் பிடித்துவிட வேண்டாம். அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்காமல் தொடங்கலாகாது. தையலிட்ட இடங்களில் குடலிறக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஸ்லீவ் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அமிலம் மேலேறும் தொல்லை வருவதுண்டு. தலைகீழாகத் தொங்கினால் அது கூடும், சாப்பிட்ட உடனே என்றால் சொல்லவே வேண்டாம். பைபாஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்கு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை திடீரென இறங்கும். தரையிலிருந்து ஆறடி உயரத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரையின் அளவு எடை குறைந்த பின் மாற்றப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பின் அடர்த்தி குறையக்கூடும் என்பதால் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தலாகாது. இரும்புச்சத்தும் பி12-உம் அப்படியே. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று உணவியல் வல்லுநர் சொல்வது தசைக்காகத்தான். அது இல்லாமல் கம்பத்தில் தொங்கினால் இருக்கிற தசையும் கரையும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. "ஆபரேஷன் பண்ணி அந்தத் தோலையும் எடுத்துடேன்" என்று எளிதாகச் சொல்லாதீர்கள். அது பெரிய அறுவை சிகிச்சை. நீண்ட தழும்பும், காயம் ஆறுவதில் தாமதமும், திரவம் கோத்துக்கொள்வதும் அதனோடு வரக்கூடியவை. எடை குறைந்தது ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்ற பிறகே பெரும்பாலும் அதைப் பற்றி யோசிக்கிறார்கள். காப்பீட்டு நிலைமையும் விசித்திரமானது. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிகளின்படி, உடல் நிறைக் குறியீடு 40-உம் அதற்கு மேலும் இருந்தாலோ, 35-உம் அதற்கு மேலும் இருந்து கடுமையான இணைநோய்கள் இருந்தாலோ எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வழியுண்டு. அதன் விளைவாகத் தொங்கும் தோலை எடுப்பதோ அழகுக்கான சிகிச்சை என்ற தலைப்பில் விலக்கப்படுகிறது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்து இருப்பதாக மருத்துவர் சான்றளித்தால்தான் விதிவிலக்கு. ஆகவே மடிப்பில் திரும்பத் திரும்பத் தொற்று வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டிக் குறிப்பில் பதிந்துகொள்வது நல்லது. நாங்கள் இதைத் தாமதமாகத்தான் கற்றோம்.

மருத்துவமனைகளிடமும் ஒன்று கேட்கிறோம். எங்களுள் பலர் பல இடங்களில் சிகிச்சை பெற்றவர்கள். அறுவைக்கு முன் உணவு பற்றி மணிக்கணக்கில் சொன்னார்கள். தோல் பற்றி எங்களுக்குக் கிடைத்தது, "கொஞ்சம் லூசாகும்" என்ற ஒரே வரி. தெரிந்திருந்தால் சிகிச்சையை மறுத்திருப்போமா என்றால், இல்லை. எங்களில் ஒருவர்கூட வருந்தவில்லை. ஆனால் கண்ணாடியை மூடியிருக்க மாட்டோம். கணவரோ மனைவியோ மகனோ உடனிருக்கும்போதே, உண்மையான படங்களைக் காட்டி, இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் தினமும் நடக்கும் பெரியவர் ஒருவர், "நடந்தால் போதாதா, தொங்கவும் வேண்டுமா?" என்று கேட்கிறார். நடையைக் குறைத்துச் சொல்ல நாங்கள் யார்? ஆனால் நடக்கும்போது தோல் பைஜாமாவுக்குள் மறைந்திருக்கிறது. கம்பத்தில் அதைக் கையால் தொட்டு, இழுத்து, இடம் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒளித்து வைத்த ஒன்றை வேலைக்குரிய பொருளாகக் கையாளப் பழகியதுதான் தமக்கு நேர்ந்த மாற்றம் என்று எங்கள் தோழி சொல்கிறார். அவர் இன்னும் தலைகீழாகத் தொங்கவில்லை. இரண்டு கைகளாலும் தொடைகளாலும் பிடித்துக் கம்பத்தில் உட்கார்ந்து, பத்து எண்ணும் வரை இருக்கிறார். பேரன் பேத்திகளுக்குக் காட்ட மாமியார் அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறார். எங்களுக்கு மட்டும் காட்டினார், வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அவருடைய வகுப்பு சனிக்கிழமை மாலைக்கு மாறியிருப்பதால், அடுத்த மாதம் முதல் நம் கூடுகை ஞாயிறு காலை பத்து மணிக்கு நடைபெறும். வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.