சிறைக்கு உள்ளிருந்து வரும் மிரட்டல்

"ஆள் உள்ளேதானே இருக்கிறான், பிறகென்ன பயம்?" மிரட்டல் குறித்துப் புகார் சொல்லப் போகும் தலித் பெண்ணுக்குக் காவல் நிலையத்தில் கிடைக்கும் பதில் இதுதான். அடித்துச் சித்திரவதை செய்த ஆதிக்க சாதி முன்னாள் கணவன் சிறையில் இருக்கலாம். அவனுடைய அண்ணன் தம்பிகளும் கூட்டாளிகளும் வெளியேதான் இருக்கிறார்கள். "கேஸை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வெளியே வந்ததும் இரண்டு பேரையும் விடமாட்டான்" என்ற சேதி அவர்கள் வழியாக அந்தப் பெண்ணுக்கும், மறுமணம் செய்துகொண்டவருக்கும் வந்து சேர்கிறது.

முதல் வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் இதற்கு வழி உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவின்படி, ஜாமீன், பரோல் விசாரணையை பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். ஜாமீன் விசாரணைக்கு முன் தகவல் தருவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'பாதிக்கப்பட்டவர்' என்பதில் உறவினரையும் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆகவே இப்போதைய கணவரை "உனக்கென்ன சம்பந்தம்?" என்று விரட்ட முடியாது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். அதற்குத் தனி வழக்குப் பதிய வேண்டும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. தகவல்தான் வீடு வந்து சேர்வதில்லை. அவன் ஜாமீனில் வந்ததே தெருவில் பார்த்த பிறகுதான் தெரிகிறது என்றால், அது யாருடைய தவறு?

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் நாம் கேட்பது ஒன்றே: எத்தனை குடும்பங்களுக்கு ஜாமீன் விசாரணைக்கு முன் எழுத்துமூலம் தகவல் போனது? கணக்கை வையுங்கள்.