தள்ளிவைத்த பரீட்சை

சதுரங்கப்பட்டினத்துக் கடலோர மணலில் விதைப்பாரும் நீர்வார்ப்பாருமின்றிப் பூத்துக் கிடப்பதும், சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு நம் ஜனங்கள் வீட்டு முற்றத்தில் சேர்க்கத் தயங்குவதுமான நித்தியகல்யாணி, நீரிழிவுக்கு நல்லது என்னும் கர்ணபரம்பரையை ஆராயும் பொருட்டு 1950-களில் கனடா தேசத்து ஆராய்ச்சிசாலையொன்றில் எலிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, சர்க்கரையைக் குறைக்காமல் இரத்தத்தின் வெள்ளையணுக்களைக் குறைத்தது. அந்த விபரீதத்தை அலட்சியம் செய்யாது பின்தொடர்ந்ததால்தான் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் கைகொடுக்கும் வின்கிரிஸ்டினும் அதே செடியின் கொடைதான். நம்பிக்கை சொன்னது ஒன்று. பரீட்சை காட்டியது வேறொன்று.

பரீட்சை பூர்த்தியாகுமுன் அனுமதி வழங்கினால் என்ன நேரும் என்பதற்கும் திருஷ்டாந்தம் உண்டு. கட்டி சில மாதங்கள் வளராது நிற்கிறது என்ற அளவைக் கொண்டு, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு பெவாசிஸுமாப் என்னும் மருந்தை 2008-இல் அனுமதித்த அமெரிக்க அரசு, அதனால் பெண்களின் ஆயுள் நீளவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியதும், 2011-இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அவசரப்பட்டது குறையாயினும், கணக்கை முடித்துக் கேட்ட நேர்மை போற்றத்தக்கது.

இந்த நேர்மைக்குத்தான் இப்போது நம் நாட்டில் சோதனை வந்திருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய யூனியன் ஆகியவை அங்கீகரித்த மருந்துகளுள், அபூர்வ வியாதிகளுக்கானவை, மரபணு, உயிரணு சிகிச்சைகள், நடப்பிலுள்ள சிகிச்சையைவிடக் கணிசமான மேன்மையுடையவை முதலியவற்றுக்கு இந்தியாவில் மறுபரீட்சை வேண்டியதில்லை என்று 2024 ஆகஸ்டில் உத்தரவு பிறந்தது. மரணத்தோடு போராடுகிறவனை வருஷக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது தர்மமன்று. ஆகவே உத்தரவை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், நோய் முற்றிய பின்னரே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் நம் ஏழைகளுக்கு, அயல்நாட்டு நோயாளிகளிடம் கண்ட பலன் அப்படியே கிட்டும் என்பதற்கு எவர் ஜாமீன்?

விடைக்கு வழி புதிய மருந்துகளுக்கான 2019-ஆம் ஆண்டின் விதிகளிலேயே இருக்கிறது. விலக்குப் பெறும் கம்பெனி, பொதுவாக, விற்பனைக்குப் பின்னர் நான்காம் கட்ட ஆய்வை இந்தியாவில் நடத்துவதாக எழுத்துமூலம் உறுதியளிக்க வேண்டும். தள்ளிவைத்த பரீட்சை தள்ளுபடியான பரீட்சை ஆகிவிடலாகாது. எனவே ஒவ்வொரு மருந்துக்கும் ஆய்வின் திட்டமும் கெடுவும் முடிவும் பகிரங்கமாக வெளியிடப்படவேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனைக்கும் வருகிற நோயாளிகளின் அனுபவம் அதில் இடம்பெறவேண்டும். கெடு தவறினால் அனுமதி நிறுத்திவைக்கப்படவேண்டும்.

இது மிகையான கோரிக்கையன்று. கிளிவெக் என்னும் புற்றுநோய் மருந்தின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸ் கம்பெனியின் விண்ணப்பத்தை 2006-இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அறிந்த மருந்தின் மறுவடிவுக்கு உரிமை கோருவோர் நோயைத் தீர்ப்பதில் அதற்குக் கூடுதல் ஆற்றல் உண்டென்று நிரூபித்தாக வேண்டும் என்று 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஏகபோக உரிமைக்கு அத்தனை கண்டிப்பாகப் பிரமாணம் கேட்ட தேசம், தன் பிரஜையின் நரம்பில் ஏறும் மருந்துக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பது நியாயமாகாது.